தாத்தா வீட்டின் மேல் மாடி எடுக்கலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா 1940களில் கட்டிய பங்களா வீடு. ஒன்றரை அடிச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மர உத்திரத்தின் மேல் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். அப்பா அம்மாவோடு நாங்கள் நாலு பேரும் அங்கேயே குடியேறப் போகிறோம். மழைக்கு ஒழுகுகிறது. பழைய தளத்தின் மேலேயே நாலு அங்குலம் கான்கிரீட் போட்டு, இரண்டு ரூம் எடுத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: கூடாது. 12க்கு 14 ரூம் ஒன்றின் மேல் நாலு அங்குலம் கான்கிரீட் கொட்டினால் அதன் எடையே கிட்டத்தட்ட 4 டன். மெட்ராஸ் டெரஸில் பாரத்தைத் தாங்குவது உத்திரமும் அதன் மேல் அடுக்கிய கட்டைகளும்தான். குத்துச் செங்கல்லும் ஜல்லிக் காரையும் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. எண்பது வருடத்து மரத்தின் தலையில் இன்னும் 4 டன்னா? அதற்கு மேல் சுவர், கட்டில், பீரோ வேறு.

ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் தட்டோட்டின் இணைப்பும் கைப்பிடிச் சுவரின் ஓரமும்தான். முதலில் உத்திரங்களைப் பாருங்கள். நடுப்பகுதி நன்றாகத்தான் இருக்கும். கெடுவது சுவருக்குள் போகும் முனை. ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். மெத்தென்று உள்ளே இறங்கினால் கரையானோ ஈரமோ தின்றிருக்கிறது. அந்த முனைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, இரும்பு ஐ-செக்‌ஷனில் தாங்கல் வைக்கலாம். முழுத் தளத்தையும் உடைக்க வேண்டியதில்லை. மேலே பழைய ஓட்டைக் கழற்றி, வாட்டம் சரிசெய்து, சுண்ணாம்பு ஜல்லி இடித்துப் புது ஓடு பதித்தால் போதும். இதை மார்கழிக்குப் பிறகு, கோடை மழைக்கு முன் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் தளத்தைத் திறந்து வைக்காதீர்கள்.

மாடி வேண்டுமா? தாராளமாகக் கட்டுங்கள், ஆனால் கொல்லைப்புறத்தில், தனிக் கட்டடமாக. புதுப் பகுதிக்குத் தூண், பீம் எல்லாம் அதனுடையதாகவே இருக்கட்டும். பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டுத் தெர்மகோல் வைத்து, மேலே அலுமினியத் தகடு மூடுங்கள். தகட்டை ஒரு பக்கம் மட்டும் இறுக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரும் கான்கிரீட் சட்டகமும் ஒரே மாதிரி இறங்காது, ஒரே மாதிரி ஆடவும் ஆடாது. 2021 நவம்பர் கடைசியில் வேலூர் பக்கம் 3.6 அளவில் ஒரு நில நடுக்கம் பதிவானது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் ஒட்டிக் கட்டிய இடத்தில்தான் முதல் விரிசல் விழும்.

தூணுக்கான குழியைப் பழைய சுவரை ஒட்டித் தோண்ட விடாதீர்கள். அந்தக் காலத்து அஸ்திவாரம் அவ்வளவு ஆழம் போயிருக்காது. அதன் காலடி மண் சரிந்தால் சுவர் உட்காரும். மூன்று, நாலு அடி தள்ளித் தூண் நிறுத்தி, தளத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொள்ளலாம். உள்ளே போக வரப் புதுவாசல் உடைக்க வேண்டாம். இப்போதுள்ள பின்வாசல் போதாவிட்டால், ஒரு ஜன்னலின் கீழ்ச்சுவரை மட்டும் எடுத்து வழியாக்குங்கள், ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலைத் தொட வேண்டியிருக்காது.

பாத்ரூம், சமையலறை, மாடிப்படி எல்லாம் புதுப் பகுதிக்கே. படியையும் பாத்ரூமையும் மேற்கில் வைத்தால் நம் ஊர்ச் சித்திரை வெயில் படுக்கையறைச் சுவரில் நேராக விழாது. கிணற்றில் குடிதண்ணீர் எடுக்கிறீர்கள் என்றால், செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி 60 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

பழைய வீட்டில் இரண்டு விஷயத்துக்கு ஆசைப்படாதீர்கள். ஒன்று, சுவரடியில் உப்புப் பூத்த இடத்தில் சிமெண்ட் பூச்சு. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்பாலேயே பூசுங்கள், வெளியே மண் மட்டத்தையும் கொஞ்சம் தாழ்த்துங்கள். இன்னொன்று ஃபால்ஸ் சீலிங். அந்த உயரம்தான் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கிறது. அதோடு, மறைத்துவிட்டால் கரையான் வந்தது தெரியவே தெரியாது. வயரிங்கை முழுதாக மாற்றுங்கள். சுவரை வெட்டாமல் மேலோட்டமாகவே பைப் ஓட்டி, தனி எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருந்தால், வாரிசுகள் பேருக்கு மாற்றும் வேலையை இன்றே தொடங்குங்கள், கட்டட அனுமதிக்கும் லோனுக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். 2024 ஜூலையில் வந்த சுய சான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனைக்கு ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். கிராமத்து மனை அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். அப்போது வழக்கமான வழிதான்.

அப்புறம் கூலி. புதுப் பகுதியைச் சதுர அடிக் கணக்கில் காண்ட்ராக்ட் விடுங்கள். பழைய பகுதியைத் தினக்கூலிக்கே விடுங்கள். திறந்து பார்க்காமல் அதற்கு ஒரு தொகை சொல்பவர், ஒன்று கூட்டிச் சொல்வார், இல்லை பாதியில் நிறுத்துவார்.