பாசி பிடித்துக் கறுத்த வெளிச்சுவரை பிரஷர் வாஷர் வைத்து நாமே கழுவலாமா? பெயிண்ட் போகாதா?

தாராளமாகக் கழுவலாம். ஆனால் மிஷினை வாடகைக்கு எடுக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பாசியைக் கொல்வது பிளீச்சிங்தான். தண்ணீரின் வேகம் செத்த பாசியை அலசிவிடுவதற்கு மட்டும். இந்த வரிசையை மாற்றி, வேகத்தாலேயே பாசியைப் பெயர்த்துவிடலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் பெயிண்ட் போகிறது.

நாகர்கோவில் பக்கம் வீடுகளுக்குப் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் நனையத் தொடங்கும் சுவர் டிசம்பர் வரை முழுசாகக் காய்வதில்லை. வெயில் படாத வடக்குச் சுவர், மரநிழலில் நிற்கும் சுவர், சன்ஷேடுக்குக் கீழே தண்ணீர் வழியும் இடம் எல்லாம் முதலில் பச்சையாகும், பிறகு கறுக்கும். பொங்கலுக்கு முன்னால் "பெயிண்ட் கறுத்துப் போச்சு, புதுசா அடிக்கணும்" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் அடியில் பெயிண்ட் நன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கழுவினாலே போதும் என்று சொல்லிவிடுவேன்.

அந்தக் கறுப்பு வெறும் தூசி கிடையாது, உயிருள்ள பாசி. பூச்சின் நுண்துளைக்குள் இறங்கிப் பிடித்திருக்கும். தண்ணீரை மட்டும் வேகமாக அடித்தால் மேல்படலம் கிழிந்து சுவர் அன்றைக்குப் பளிச்சென்று தெரியும். உள்ளே மிச்சமிருப்பது அடுத்த மழைக்கு மறுபடி கிளம்பிவிடும்.

முதல் வேலை, சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் பெயிண்ட் சத்திழந்துவிட்டது, எப்படிக் கழுவினாலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் பழைய சிமெண்ட் பெயிண்ட் சுவருக்கும் மிஷினே வேண்டாம், பிரஷ் போதும். பெயிண்ட் எங்காவது உப்பியிருந்தாலோ விளிம்பு தூக்கியிருந்தாலோ அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். தண்ணீர் அந்த விளிம்புக்குள் நுழைந்தால் படலம் கொப்பளம் போல எழும்பி, கையகலத் துண்டுகளாக உரிந்து வரும். நல்ல பெயிண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். விரிசல் இருந்தால் முதலில் கிராக் பில்லர் வைத்து அடைத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் வெளியே அடித்த தண்ணீர் உள்ளே படுக்கையறைச் சுவரில் ஈரமாகத் தெரியும்.

வெள்ளையாக உப்பு பூத்த சுவர் வேறு கதை. அங்கே சுவருக்குள் இருக்கும் ஈரம்தான் உப்பை வெளியே கொண்டுவருகிறது. அதில் மேலும் தண்ணீரைப் பாய்ச்சினால் இன்னும் பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையில் மட்டும் எக்காரணம் கொண்டும் பிரஷர் வாஷர் வைக்காதீர்கள். தண்ணீரின் வேகம் ஷீட்டின் மேற்பரப்பை அரித்து, கண்ணுக்குத் தெரியாத நார்களைச் சுற்றுப்புறம் முழுக்கத் தெளித்துவிடும். மூச்சில் போனால் நுரையீரலுக்கு எமன். ஆஸ்திரேலியாவில் இப்படிக் கழுவுவதற்குச் சட்டப்படியே தடை இருக்கிறது. நம் ஊரில் கார் ஷெட், மாட்டுத் தொழுவம், வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பு என்று இந்த ஷீட் எங்கும் கிடக்கிறது. பாசி பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பழைய கிரில், கதவு எனாமல் பெயிண்டையும் வேகத் தண்ணீரால் உரிக்க வேண்டாம். பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உரிந்த செதில் பிள்ளைகள் விளையாடும் மண்ணில்தான் விழும்.

சரி, பிளீச்சிங். நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் போட்டுக் கலக்கினால் ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். பவுடரை நாள்பட வைத்திருந்தால் வீரியம் போயிருக்கும், புதுசாக வாங்குங்கள். பிளாஸ்டிக் வாளியில் கலக்கி, அடியில் கசடு படியவிட்டு மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுங்கள். இதை மிஷினில் ஊற்றாதீர்கள், பம்பின் சீல்கள் கெட்டுவிடும். செடிக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயரே போதும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்று உங்கள் பக்கம் வீசாதபடி நில்லுங்கள். பாத்ரூம் ஆசிட்டை இதோடு சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆளையே சாய்த்துவிடும்.

தெளிக்கும் முன் சுவரைச் சாதாரண ஹோஸால் நனைத்துவிடுங்கள். சுவரோரச் செடிகளையும் நன்றாக நனையுங்கள், வேலை முடிந்ததும் இன்னொரு முறை நனையுங்கள். எங்கள் ஊரில் பல வீடுகளில் சுவரை ஒட்டியே கிணறு இருக்கும். அதைத் தார்ப்பாய் போட்டு மூடாமல் நான் வேலையைத் தொடங்குவதே இல்லை. கரைசலைக் கீழிருந்து மேலாகத் தெளிக்க வேண்டும். மேலிருந்து தெளித்தால் இன்னும் கரைசல் படாத சுவரில் கோடு கோடாக வழிந்து, அந்தக் கோடு பிறகு போகாது. 10, 15 நிமிஷம் ஊறட்டும், காய்ந்துவிடக் கூடாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை பழுப்பாகி வெளிறும். வெளிறாத இடத்தில் இன்னொரு கை தெளியுங்கள். "தம்பி, மிஷினைக் கிட்டக் கொண்டுபோய் அடிங்க, அப்பதானே போகும்" என்று வீட்டுக்கார அம்மா சொல்லாத வீடே இல்லை. "கொஞ்சம் பொறுங்கம்மா, பிளீச்சிங் வேலை செய்யட்டும்" என்பதுதான் என் பதில்.

மிஷினுக்கு வருவோம். வீட்டு உபயோக மிஷின்கள் 100 முதல் 140 பார் வரை அழுத்தம் தரும். சுவருக்கு அவ்வளவு தேவையே இல்லை. கம்பி நுனியில் மாட்டும் நாசிலின் நிறம், தண்ணீர் எவ்வளவு விரியும் என்பதைச் சொல்லும். வெள்ளை நிற நாசில் 40 டிகிரி விரியும், சுவருக்கு அதுதான். பச்சை 25, மஞ்சள் 15, சிவப்பு 0 டிகிரி. சிவப்பு நாசில் பூச்சையே குடைந்துவிடும், சுழன்றடிக்கும் டர்போ நாசிலும் அப்படித்தான். இரண்டையும் சுவர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று, கண்ணில் படாத ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டு மெல்ல நெருங்குங்கள். 30 சென்டிமீட்டருக்குக் கிட்டே போக வேண்டாம். அந்தத் தூரத்தில் 40 டிகிரி நாசிலின் பட்டை சுமார் 22 சென்டிமீட்டர் அகலம் விழும். ஒரே இடத்தில் நிறுத்தாமல், பட்டைமேல் பட்டை கொஞ்சம் ஏறும்படி மேலிருந்து கீழாக இழுத்து வாருங்கள். நீர் சாய்வாகக் கீழ்நோக்கிப் பட வேண்டும். கீழே நின்று மேல்நோக்கி அடித்தால் சன்ஷேட் மூட்டிலும் ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலும் தண்ணீர் ஏறும். ஓட்டுக் கூரையென்றால் ஓட்டுக்கு அடியில் போய் மரச் சட்டத்தை நனைக்கும்.

தொடங்கும் முன் ஏசி அவுட்டோர் யூனிட், மீட்டர் பெட்டி, காலிங் பெல், கேமரா எல்லாவற்றையும் பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஏசி பின்பக்கத் தகடுகள் லேசான வேகத்துக்கே மடங்கிவிடும்.

கரண்ட் விஷயத்தில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். மிஷின் 1,400 முதல் 1,800 வாட் இழுக்கும், எனவே எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். அந்த லைனில், கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பழைய வீடுகளில் அது இருக்காது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டிய பிறகு கழுவலாம், பாசி எங்கும் போய்விடாது. எக்ஸ்டென்ஷன் ஒயர் பல்பு தொங்கவிடும் மெல்லிசு ஒயராக இருக்கக் கூடாது, இணைப்பு ஈரத் தரையில் கிடக்கக் கூடாது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் பக்கம் தண்ணீரோ மிஷினின் கம்பியோ அலுமினிய ஏணியோ போகவே கூடாது.

ஏணியில் நின்று அடிப்பதும் வேண்டாம். 100 பாரில் நிமிஷத்துக்கு ஆறரை லிட்டர் தள்ளும் சின்ன மிஷினே கையைச் சுமார் ஒன்றரை கிலோ விசையோடு பின்னால் தள்ளும். பெரிய பெட்ரோல் மிஷின் ஐந்து கிலோ வரை தள்ளும். டிரிகரை அழுத்திய நொடியில் அந்த உதைப்பு வரும், ஈர ஏணியில் பிடிமானம் இருக்காது. மாடிச் சுவருக்குச் சாரம் கட்டிச் செய்பவர்களைக் கூப்பிடுங்கள்.

லுங்கியும் செருப்புமாக நின்று அடிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மூடிய ஷூ போடுங்கள், பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் விடுங்கள். இந்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல் சின்னப் புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே தசையும் நரம்பும் கெட்டுக்கொண்டிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷர் வாஷர் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். சில சமயம் அறுவை சிகிச்சை செய்தே சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

மிஷினின் முழு வேகத்தைக் காட்ட இடம் வேண்டுமென்றால் முற்றத்து சிமெண்ட் தரை இருக்கிறது. பேவர் பிளாக்கில் இடுக்கு மணல் வெளியேறும், முடிந்ததும் மறுபடி மணல் தூவிப் பெருக்கிவிடுங்கள். மொட்டை மாடித் தட்டோட்டில் வேகம் வைக்கவே வேண்டாம், மூட்டுப் பூச்சு கிளம்பினால் அடுத்த மழைக்கு மேல்தளம் ஒழுகும்.

கழுவிய பிறகு பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அவசரப்படாதீர்கள். மேலே காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். இரண்டு கையகலப் பாலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பாலித்தீனுக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தால் இன்னும் சில நாள் வெயில் காயட்டும், வறண்டிருந்தால் பிரைமரைத் தொடங்கலாம்.