‘வேண்டாம்’ சொல்ல ஒருவர் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சமூக அக்கறையோடு வீடியோ கேம் செய்யும் சின்னக் குழுக்களை நம் ஊரில் யாரும் பொருட்படுத்துவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிச்சலில்தான் இந்தக் கடிதம்.

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நானும் இரண்டு நண்பர்களும் வார இறுதிகளில் ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் தொழிலாளியின் ஒரு நாள்தான் கதை. கொழுந்து பறிக்க வேண்டும், அட்டைக்கடியிலிருந்து தப்ப வேண்டும், சிறுத்தை வந்தால் தாண்டிக் குதிக்க வேண்டும், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்காமல் எடையைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தோட்டத் தொழிலாளர் பற்றி ஒரு தகவல் திரையில் வரும்.

பார்த்தவர்களில் சிலர் “விளையாட விடுங்கள், நடுவில் எதற்குப் பாடம்?” என்கிறார்கள். சிலர் “கஷ்டப்படுகிறவர்களை வைத்து விளையாட்டா?” என்று கோபப்படுகிறார்கள். எங்களில் ஒருவனுடைய அம்மா பல வருடங்கள் கொழுந்து பறித்தவர். அதனால் எங்களுக்கு இதைச் செய்ய உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மூன்று கேள்விகள். இந்த மாதிரி கேம்கள் எதையாவது மாற்றுகின்றனவா? எங்கள் குழுவில் இன்னும் யார் வேண்டும், எழுத்தாளரா, ஆராய்ச்சியாளரா? கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இதை விலை வைத்து விற்பது தப்பா?

எஸ்., கோவை

---

அன்புள்ள எஸ்,

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஒரு கேம் வந்ததால் கூலி உயர்ந்தது என்று நான் கேள்விப்பட்டதில்லை. நாவலிடமும் சினிமாவிடமும் இந்தக் கணக்கை நாம் கேட்பதில்லை, கேமிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? நல்ல கேம் செய்யுங்கள், போதும்.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. எழுத்தாளரா, ஆராய்ச்சியாளரா என்று கேட்கிறீர்கள். இரண்டு பேரும் பிறகு வரட்டும். அதற்கு முன்னால் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஒரு குழு எப்படி உருவானது என்று சொல்கிறேன்.

ஆங்கரேஜ் நகரத்தில் குக் இன்லெட் பழங்குடி மன்றம் என்று ஒரு தொண்டு அமைப்பு இருக்கிறது. பூர்வகுடி மக்களுக்குப் படிப்பு, வேலைவாய்ப்பு, குடும்ப நலம் என்று பல சேவைகள் செய்கிற அமைப்பு. அரசு மானியத்தை நம்பி ஓடுவது. மானியம் எந்த வருடம் வேண்டுமானாலும் சுருங்கலாம். சொந்தமாக ஒரு வருமானம் வேண்டும், அந்தத் தொழில் தங்கள் பிள்ளைகளிடமும் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்த அதன் தலைவர் குளோரியா ஓ’நீல் கேம் தொழிலில் இறங்க முடிவெடுத்தார். நம்மூர் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று சினிமா ஸ்டுடியோ ஆரம்பிப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிறந்தது அப்பர் ஒன் கேம்ஸ். அமெரிக்காவில் பூர்வகுடிகளே சொந்தமாக நடத்திய முதல் கேம் நிறுவனம் என்று அதைச் சொல்கிறார்கள்.

கேம் செய்யத் தெரிந்தவர்கள் அவர்களிடம் இல்லை. அதற்காக ஈ-லைன் மீடியா என்ற நிறுவனத்தோடு கை கோத்தார்கள். படைப்பு இயக்குநராக வந்த ஷான் வெஸ்ஸி ஆக்டிவிஷன், கிரிஸ்டல் டைனமிக்ஸ் போன்ற பெரிய கேம் நிறுவனங்களில் வேலை பார்த்தவர், பூர்வகுடி கிடையாது. கதை எழுத இஷ்மாயில் ஹோப் வந்தார். இனுபியாட், டிலிங்கிட் என்ற இரண்டு பூர்வகுடிகளின் வழியில் வந்த கதைசொல்லி அவர். மன்றத்தின் உயர் நிர்வாகிகளில் ஒருவரான ஏமி ஃப்ரெடீன், அவரும் இனுபியாட், கேம் குழுவுக்கும் மக்களுக்கும் நடுவில் நின்றார். முதியவர்கள், கதைசொல்லிகள், ஊர்க்காரர்கள் என்று ஏறக்குறைய 40 பேர் பங்களித்தார்கள். 2014 நவம்பரில் ‘நெவர் அலோன்’ வெளிவந்தது. இனுபியாட் மக்களின் மொழியான இனுபியாக்கில் அதன் பெயர் ‘கிசிமா இங்ஙிட்சுனா’.

இந்தப் பெயர்களையெல்லாம் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. பொதுவாக இம்மாதிரி வேலைகளில் பணம் ஒரு பக்கம் இருக்கும், பட்ட அனுபவம் இன்னொரு பக்கம் இருக்கும். பணம் வைத்திருப்பவர் கேள்வி கேட்பார். பட்டவர் பதில் சொல்வார். சொன்னதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதைப் பணம் வைத்திருப்பவர் தீர்மானிப்பார். கடைசியில் ‘நன்றி’ என்ற தலைப்பின் கீழ் பட்டவரின் பெயர் பொடி எழுத்தில் ஓடும். ஆங்கரேஜில் இந்த ஏற்பாடு தலைகீழ். முதலாளியே அந்த மக்களின் அமைப்பு. அந்த மக்களின் வழக்கம் தெரிந்த ஒருவர் “இது எங்கள் வழக்கம் இல்லை, வேண்டாம்” என்றால் வெஸ்ஸியின் குழு அதைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட முடியாது.

கதையையே பாருங்கள். ஓயாத பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகும் ஒரு சிறுவனைப் பற்றிய பழங்கதை அது. ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லண்ட் என்ற இனுபியாட் கதைசொல்லி சொல்லிப் பதிவானது. நூலகத்தில் எடுத்தோம், திரையில் போட்டோம் என்று முடித்திருக்கலாம், அப்படிச் செய்யும் கேம்கள் நிறைய. இவர்கள் அவருடைய மகள் மின்னி கிரேயிடம் போய் அனுமதி கேட்டார்கள். சிறுவன் கேமில் நூனா என்ற சிறுமி ஆனாள். மரபைக் காப்பாற்றுகிறேன் என்று வெளியாள் ஒருவன் கிளம்பியிருந்தால் அந்தச் சிறுவனைத் தொட்டிருக்கவே மாட்டான் என்று தோன்றுகிறது. சொந்தக்காரர்களுக்கு அந்தப் பயம் இல்லை. வாய்மொழிக் கதை சொல்லச் சொல்ல மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, இதெல்லாம் விளையாட்டில் எப்படி வந்தது? நூனாவோடு ஒரு வெள்ளை நரி வருகிறது. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், ஒருவரே மாற்றி மாற்றியும் ஆடலாம். நரி ஏறும் இடத்தில் சிறுமியால் ஏற முடியாது. துணை செய்யும் ஆவிகள் நரி நெருங்கினால்தான் தென்பட்டுக் கால் வைக்க இடம் தரும். புயல் காற்று வீசும்போது குனிந்து தரையோடு ஒட்டிக்கொள்ளாவிட்டால் தூக்கி எறிந்துவிடும். அதே காற்று முதுகுப் பக்கம் வீசும்போது குதித்தால் எட்டாத பள்ளத்தையும் தாண்டலாம். ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்வது, இயற்கையோடு மோதாமல் அதன் போக்கைப் படிப்பது என்று அந்த முதியவர்கள் சொன்னதை விரல்கள் தாமாகக் கற்றுக்கொள்கின்றன. வசனமே தேவைப்படவில்லை.

தகவலும் இருக்கிறது, உங்கள் கேமைப் போலவே. 24 சின்ன ஆவணப்படத் துண்டுகள். வழியில் ஆந்தைகளைக் கண்டுபிடித்தால் ஒவ்வொன்றாகத் திறக்கும். வானத்தில் ஆடும் வடதுருவ ஒளி இறந்துபோன குழந்தைகளின் ஆவி, தலையை மூடாமல் வெளியே போனால் தலையைப் பறித்துப் பந்தாடும் என்று தாங்கள் சின்ன வயதில் கேட்ட பயத்தை ஊர்க்காரர்களே சொல்வார்கள். பார்க்காமலும் தாண்டிப் போகலாம். யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதில்லை.

குறை இல்லாத கேம் என்று சொல்ல மாட்டேன். தனியாக ஆடினால் நரி தன் பாட்டுக்குப் பள்ளத்தில் விழுந்து நம் உயிரையும் சேர்த்து வாங்கும். குதிப்பதில் ஒரு வழவழப்பு. ஒரே மாலையில் முடிந்தும் விடுகிறது. விமர்சகர்கள் இதையெல்லாம் சொல்லத்தான் செய்தார்கள். இருந்தும் 2015இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. அதே விருதை 2024இல் வாங்கிய கேமை நீங்கள் கட்டாயம் ஆடியிருப்பீர்கள்: கனடாவில் டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்த ‘வெண்பா’ என்ற சமையல் கேம். அதன் முதல் புதிரே இட்லித் தட்டு. குழிக்கு நேர் மேலே குழி வருகிற மாதிரி தட்டை அடுக்கினால் இட்லி நசுங்கிவிடும். இட்லியை ஓட்டலில் மட்டும் பார்த்த ஒருவருக்கு இப்படி ஒரு புதிர் தோன்றியிருக்காது. விதியை எழுதியவர் அடுப்படியை அறிந்தவர்.

இப்போது உங்கள் கேமுக்கு வருகிறேன்.

“நடுவில் எதற்குப் பாடம்?” என்று கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். தகவல் அட்டையை எடுத்துவிட்டால் உங்கள் கேமில் என்ன மிஞ்சும்? சேகரி, குதி, தப்பித்துக்கொள். பெண்ணுக்குப் பதிலாக ஒரு குரங்கையும் கொழுந்துக்குப் பதிலாக வாழைப்பழத்தையும் வைத்தாலும் அது அப்படியே ஓடும். உருகுவேக்காரரான கொன்சாலோ ஃப்ராஸ்கா 2003இல் ஒரு சின்ன கேம் வெளியிட்டார், பெயர் ‘செப்டம்பர் 12’. மத்திய கிழக்கு நகரம் ஒன்றை மேலிருந்து பார்க்கிறீர்கள். சந்தையில் பொதுமக்களும் பயங்கரவாதிகளும் நடமாடுகிறார்கள். உங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான், ஏவுகணை விடுவது. அது போய் விழுவதற்குள் ஆள் நகர்ந்திருப்பான், பக்கத்தில் இருந்தவர்கள் செத்திருப்பார்கள். அழ வந்தவர்களில் சிலர் எழுந்திருக்கும்போது பயங்கரவாதிகளாக எழுவார்கள். ஜெயிக்க வழியே கிடையாது. திரையில் ஒரு வரி உபதேசம் இல்லை, இருந்தாலும் என்ன சொல்கிறது என்று யாருக்கும் விளங்காமல் போகாது. போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் செய்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’ போரில் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்களைப் பற்றியது. அதில் ஒரு வீட்டில் வயதான தம்பதி இருப்பார்கள். அவர்களிடமிருந்து உணவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு போகலாம், தடுக்க அவர்களுக்குத் தெம்பில்லை. எடுத்து வந்த பிறகு உங்கள் ஆட்கள் மனம் ஒடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த ராத்திரி அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஆடுகிறவருக்குத் தண்டனை அங்கேதான்.

அப்புறம் அந்தச் சிறுத்தை. கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். வால்பாறைத் தோட்டங்களில் சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் செத்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் இருக்கிற ஒரு தாய்க்கு அது தாண்டிக் குதிக்கிற தடை இல்லை. பொழுது சாய்ந்த பிறகு பிள்ளை வெளியே எட்டிப் பார்த்தால் வரும் பதற்றம். “கஷ்டப்படுகிறவர்களை வைத்து விளையாட்டா?” என்று உங்களிடம் கோபப்பட்டவர்கள் எதைப் பார்த்துக் கோபப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் அந்த இடத்தில் கோபப்பட்டிருப்பேன்.

உங்கள் நண்பரின் அம்மாவை உரிமைச் சான்றிதழ் போலக் காட்டுகிறீர்கள். அவர் அந்தக் கேமைப் பார்த்தாரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பார்த்து “சிறுத்தையை எடுத்துவிடு” என்றால் எடுத்திருப்பீர்களா? மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய நிரல் என்று தயங்கியிருப்பீர்களா? உங்கள் குழுவுக்குத் தேவையான நான்காவது ஆள் அவர்தான், அல்லது இன்றைக்கும் கொழுந்து பறிக்கிற அவரைப் போன்ற ஒருவர். கதை கேட்டுக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். எடை போடும்போது எதைக் கழிக்கிறார்கள், மழை நாளில் கணக்கு எப்படி மாறும், உடம்பு சரியில்லாத நாளில் யார் யாருக்குக் கை கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் கேமின் விதிகள். அதை எழுதுகிறவர் வடிவமைப்பாளர்தான். பெயரையும் அப்படியே போடுங்கள். உட்காரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருடைய நாள் கூலிக்குக் குறையாமல், முடிந்தால் அதற்கு மேல், கொடுங்கள். வருமானத்தில் பங்கு, ‘வேண்டாம்’ என்று நிறுத்தும் அதிகாரம், இரண்டையும் வாய்ச்சொல்லாக விடாமல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நண்பனின் அம்மாதானே என்கிற நெருக்கம் இருப்பதால்தான் எழுத வேண்டும் என்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ‘மக்கள்’ என்று ஒற்றைக் குரல் எங்கேயும் கிடையாது. தோட்டத்துக்குப் போனால் முதலில் பேச வருகிறவர் தொழிற்சங்கத் தலைவராக இருப்பார், அல்லது விவரம் தெரிந்தவர் என்று ஊர் கை காட்டுகிற ஒரு ஆண். அவர் வேண்டாம் என்று சொல்வது ஒன்றாக இருக்கும், கொழுந்து பறிக்கிற பெண் வேண்டாம் என்பது வேறாக இருக்கும். சாராயம் பற்றி, வீட்டுக்குள் விழும் அடி பற்றி, சூப்பர்வைசரின் பேச்சு பற்றி யார் எதைச் சொல்ல விரும்புவார், யார் மூடி வைக்கப் பார்ப்பார்? ஒரு குழு எல்லாவற்றையும் நல்லவிதமாகக் காட்டச் சொல்லிக் கேமையே சப்பென்று ஆக்கிவிடவும் கூடும். நெவர் அலோனுக்கு ஒரு பழங்கதை கிடைத்தது, கதையில் ஊரே ஒன்றுபடலாம். கூலியில் அப்படி ஒன்றுபட முடியாது. உங்களுடையது அதைவிடக் கஷ்டமான வேலை. என்னைக் கேட்டால் கூடையைச் சுமக்கிறவரின் ‘வேண்டாம்’ மற்ற எல்லாருடையதையும்விடப் பெரியது.

கேம் தொழில் தெரிந்த வெளியாட்களும் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெஸ்ஸி போன்றவர்கள் இல்லாமல் காற்றில் குனிவதும் குதிப்பதும் வந்திருக்காது. நீங்கள் மூன்று பேர் அந்த இடத்தில் இருக்கிறீர்கள்.

மூன்றாவது கேள்வி, ஸ்டீம். விற்பதில் என்ன தப்பு? அந்தப் பழங்குடி மன்றம் கேம் தொழிலுக்கு வந்ததே சம்பாதிக்கத்தான். இலவசமாகக் கொடுத்துவிட்டால் பங்கு கேட்க அந்த அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் ஸ்டீம் என்றால் கம்ப்யூட்டர். லைன் வீடுகளில் கம்ப்யூட்டரைவிட போன்தான் அதிகம் இருக்கும், அதுவும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு. கதைக்குரியவர்கள் ஆடிப் பார்க்க முடியாத இடத்தில் கேமை வைத்தால் யாருடைய ‘வேண்டாம்’ உங்கள் காதில் விழும்? முதல் கட்டத்தை மட்டுமாவது போனில் ஓடும்படி செய்யுங்கள். மழைக்காலத்தில் நெட் கிடைக்காமல் போகலாம், நெட் இல்லாமலும் ஓடட்டும். பாதி வேலை முடிந்த நிலையிலேயே கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். முழுக்க முடித்துவிட்டுக் காட்டினால் பாராட்டத்தான் செய்வார்கள், நம்மூர்க்காரர்களின் மரியாதை அப்படி.

அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவர் சம்மதித்தால் அந்தக் கடிதத்தையும் இங்கே வெளியிடுகிறேன்.