ஸ்ட்ரீட் ஃபைட்டர் படங்களும் தொடர்களும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்கிற சண்டை வீடியோ கேம் மட்டும்தான் விளையாடியிருக்கிறேன். படம், தொடர் என்று நிறைய இருக்கிறதே, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: 1994இல் ஜப்பானில் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் II: தி அனிமேட்டட் மூவி’. கிசாபுரோ சுகீ இயக்கியது. தொடக்கக் காட்சியைப் பாருங்கள். இடி மின்னல், புல்வெளி, கேமின் நாயகன் ரியூவும் அவன் எதிராளி சாகத்தும் மட்டும். ரியூ மேலே பாய்ந்து விடும் ஷோரியுக்கென் குத்து சாகத்தின் மார்பைக் கிழிக்கிறது. ரத்தம் வழிய அவன் வெறியோடு பாய்ந்து வர, ரியூ இரண்டு கைகளையும் குவித்து ஹடோக்கென் என்கிற ஒளிப்பந்தைத் திரட்டுகிறான். கேமில் நீங்கள் பார்த்த அந்த மார்புத் தழும்பின் கதை இதுதான். யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை, சண்டையே சொல்லிவிடுகிறது. இந்தக் கேமைப் படமாக்குகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: இங்கே ஒருவன் எப்படி அடிக்கிறான் என்பதுதான் அவன் யார் என்பது.

கேள்வி: வான் டாம் நடித்த படமும் அதே வருடம்தானே? ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

பதில்: அது 1994 டிசம்பர். ‘டை ஹார்ட்’ எழுத்தாளர்களில் ஒருவரான ஸ்டீவன் டி சூசா எழுதி இயக்கினார். தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் எடுத்தார்கள். கேமில் இருந்த கிட்டத்தட்ட எல்லோரையும் ஒரே படத்துக்குள் திணித்ததில் யாருக்கும் இடம் போதவில்லை. வான் டாம் நடித்த ராணுவ வீரன் கைல்தான் ஹீரோ. ஊர் ஊராகப் போய் வலுவான எதிராளியைத் தேடும் ரியூ, இதில் நண்பன் கென்னோடு சேர்ந்து போலி ஆயுதம் விற்று ஏமாற்றுகிறவன். நடிகர்களுக்குச் சண்டைப் பயிற்சிக்குக் கிடைத்த நேரமும் குறைவு, அது திரையில் தெரிகிறது.

ஆனாலும் ராவுல் ஹூலியாவுக்காக அதைப் பார்த்தே ஆக வேண்டும். வில்லன் பைசன் வேடம் அவருக்கு. உடல் மெலிந்து, முகம் ஒட்டிப்போன நிலையிலும் ஒவ்வொரு வசனத்தையும் பெரிய நாடக மேடையில் நிற்பவர் போலச் சொல்கிறார். தன் தகப்பன் பைசன் கையால் செத்த நாளைச் சண்டை வீராங்கனை சுன்-லி சொல்ல, தனக்கு அது வாரத்தில் இன்னொரு நாள், அவ்வளவுதான் என்கிற மாதிரி அவர் பதில் சொல்லும் இடம் இன்றும் பேசப்படுகிறது. படம் வெளிவரும் முன், அக்டோபரில் இறந்துவிட்டார். படத்தின் முடிவில் அவருக்கு அஞ்சலி உண்டு. படம் மோசம் என்று நானும் சொல்வேன், அந்த நடிப்பை யாராவது குறை சொன்னால் சண்டைக்கு வருவேன்.

கேள்வி: கேமில் வரும் நம்ம ஊர் யோகி தால்சிம்மாக யார் நடித்தது?

பதில்: ரோஷன் சேத். ‘காந்தி’ படத்தில் நேருவாக வந்தவர். நல்ல நடிகர், ஆனால் யோகாவும் இல்லை, நீளும் கைகளும் இல்லை. பைசனின் ஆய்வுக்கூடத்தில் மிரட்டி வேலை வாங்கப்படும் விஞ்ஞானியாக மாற்றிவிட்டார்கள். கிடாவோ சகுராய் இயக்கும் புதிய படத்தில் அந்த வேடம் வித்யுத் ஜாம்வாலுக்கு. ‘துப்பாக்கி’ வில்லன்தான், நினைவிருக்கிறதா? களரி பழகிய உடம்பு. எனக்கு நிஜமாகவே எதிர்பார்ப்பு இருக்கிறது.

கேள்வி: ஜாக்கி சான் சுன்-லி வேஷம் போட்டாராமே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1993இல் வந்த ‘சிட்டி ஹண்டர்’. ஆர்கேட் கேம் மெஷினில் போய் மோதுகிறார், அடுத்த நிமிடம் சுமோ வீரன் ஹோண்டாவாகவும் சுன்-லியாகவும் மாறிக் கென்னோடு சண்டை போடுகிறார். சில நிமிடங்கள்தான், ஆனால் அடுத்த வருடம் வந்த ஹாலிவுட் படத்தைவிட அதில் கேமின் துள்ளல் அதிகம்.

கேள்வி: 2009இல் வந்த சுன்-லி படம்?

பதில்: விட்டுவிடுங்கள். சுன்-லியாக நடித்த கிறிஸ்டின் குரூக் பாவம். பைசன் கோட்டு சூட்டில் வருகிற நில வியாபாரி.

கேள்வி: மனிதர்கள் நடித்ததில் உருப்படியாக ஒன்றுகூட இல்லையா?

பதில்: இருக்கிறது. 2014இல் வந்த ‘அசாசின்ஸ் ஃபிஸ்ட்’ இணையத் தொடர். ‘போர்ன் அல்டிமேட்டம்’ படத்தில் மாட் டேமனோடு மோதிய ஜோயி அன்சா எடுத்தது. 2010இல் ‘லெகசி’ என்று ஒரு குறும்படம் எடுத்துக் காட்டி, அதிலிருந்து இங்கே வந்து சேர்ந்தார். பல்கேரியாவில் படப்பிடிப்பு. உலகத்தைக் காப்பாற்றும் வேலையே கிடையாது. ரியூ, கென், குரு கோகென், அவருடைய தம்பி கோகி, இவர்கள் கதை மட்டும்தான். ஹடோக்கென் உடனே வந்துவிடாது. பயிற்சி, தோல்வி, எரிச்சல், மறுபடி பயிற்சி என்று போய், கடைசியில் உள்ளங்கைகளுக்கு நடுவே அந்த ஒளி பிறக்கும்போது நமக்கே சம்பாதித்த மாதிரி இருக்கும். கோகி அகுமா என்கிற கொடூரனாக மாறுவதும் அப்படித்தான், படிப்படியாக. அகுமா வேடத்தில் அன்சாவே நடித்தார். அடுத்தது எது பார்ப்பது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. அவனோடு சேர்ந்து பார்க்க எது சரி?

பதில்: அனிமேஷன் படம் வேண்டாம் சார், ரத்தம் அதிகம், பெரியவர்களுக்கான காட்சியும் உண்டு. 1995 முதல் 1997 வரை அமெரிக்காவில் ஓடிய கார்ட்டூன் தொடர் இருக்கிறது, 26 எபிசோடுகள். கதை சுமார்தான், சிறுவர்களுக்கு ஓடும். அப்புறம் முடிந்தால் இரண்டு கன்ட்ரோலரை எடுத்து வைத்து அவனோடு கேமையே விளையாடுங்கள். சுன்-லியை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள், வேகமான உதை, சீக்கிரம் பிடித்துக்கொள்வான்.