ஜோஷுவா மரம் எட்டு வருடமாகியும் பூக்கவில்லையா?

வணக்கம். லாஸ் வேகஸ் வீட்டில் விதை போட்டு வளர்த்த ஜோஷுவா மரம் (அமெரிக்கப் பாலைவனத்தில் வளரும், கூரிய இலைகள் கொண்ட மரம்) எட்டு வருடத்தில் இரண்டடிதான், கிளையும் பூவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கவலையே வேண்டாம், உங்கள் கன்று நன்றாகவே வளர்கிறது! இந்த மரத்தின் சொந்த இடமான மொகாவி பாலைவனத்திலேயே இளங்கன்று வருடத்துக்கு மூன்று அங்குலம் வளர்ந்தாலே அதிகம். அப்புறம் வேகம் இன்னும் குறையும். பூக்கப் பல பத்து வருடங்கள் ஆகும். தண்டின் நுனி பூத்தாலோ, பூச்சி அரித்தாலோதான் கிளை பிரியும். அதற்காக நீங்களே நுனியை வெட்டிவிடாதீர்கள். நடுவில் புது இலைகள் ஊசிபோல விறைப்பாக, பச்சையாக நிற்கின்றனவா? அது போதும். உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரையும் குறையுங்கள். ஈரம் தங்கினால் வேர் அழுகிவிடும். குளிர்காலத்தில் மூடி வைக்காதீர்கள், பின்னாளில் பூக்க அந்தக் குளிர் உதவும்.