ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் மூன்று நாள் தங்கினால் எந்தக் கடலோரப் பாதைகளில் நடக்கலாம்? மலையேறிப் பழக்கமில்லை.

மலையேறத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சேற்றில் நடக்கத் தயாராக வாருங்கள். ஸ்கையில் பாதை என்பது பெரும்பாலும் ஆடுகளும் மனிதரும் மிதித்த தடம்தான். அடியில் பீட் எனப்படும் கரிய சதுப்பு மண். மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் கணுக்கால்வரை உள்ளே போகும். ஓட்டப்பயிற்சிக் காலணி அரைமணியில் நனைந்துவிடும். கணுக்காலை மூடும், நீர் புகாத பூட்ஸ் வேண்டும்.

முதல் நாள் டன்வேகன் கோட்டைக்கு வடக்கே கிளேகனில் காரை நிறுத்திவிட்டுப் பவளக் கடற்கரைக்கு நடங்கள். ஒரு வழி சுமார் 2 கிலோமீட்டர், ஏற்றம் மிகக் குறைவு. பெயர்தான் பவளம். காலடியில் நொறுங்குவது மேர்ல் என்ற சுண்ணாம்புக் கடற்பாசி, வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. வழியில் மாடுகள் மேயும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள்.

இரண்டாம் நாள் தீவின் வடமுனையான ரூவ ஹூனிஷ். (கேலிக் மொழியில் 'ரூவ' என்றால் நிலமுனை, 'கமஸ்' என்றால் குடா. இந்த இரண்டு சொல் தெரிந்தாலே வரைபடம் பாதி புரியும்.) டன்டுல்ம் அருகே சிவப்புத் தொலைபேசிக் கூண்டுப் பக்கம் தொடங்கி, போய்த் திரும்ப 7–8 கிலோமீட்டர். மலைமுகட்டில் கடலோரக் காவலர்களின் பழைய கண்காணிப்பு வீடு இருக்கிறது. இப்போது அது நடைப்பயணிகள் ஒதுங்கும் இடம், பூட்டு கிடையாது. கோடையில் அங்கிருந்து மிங்கி திமிங்கிலம் தென்படுவதுண்டு. பலர் தடுமாறுவது இதற்கு அப்பால்தான். கீழே முனைக்கு இறங்கும் வழி வீட்டு வாசலிலிருந்து தொடங்காது. அதற்கு மேற்கே, இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் செங்குத்தான பாறைத்தடமாக இறங்கும். பாறை ஈரமாக இருந்தாலோ காற்று ஆளைத் தள்ளினாலோ இறங்காதீர்கள். வீட்டோடு திரும்பினாலே அந்த நாள் நிறைந்துவிடும்.

மூன்றாம் நாள் போரரேக்–சூஷ்னிஷ் சுற்று. ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் என்றாலும் இதையே சொல்வேன். பிராட்ஃபோர்டிலிருந்து எல்கோல் போகும் சாலையில், கில் கிரியோஸ்த் என்ற இடிந்த தேவாலயத்தருகே தொடக்கம். சுமார் 16–17 கிலோமீட்டர், 5–6 மணி நேரம். பளிங்குச் சுரங்கத்தின் பழைய ரயில்தடம் வழியே மேலேறி, போரரேக் குடாவுக்கு இறங்குவீர்கள். 1853-இல் ஆடு வளர்ப்புக்காக போரரேக், சூஷ்னிஷ் என்ற இரண்டு ஊர் மக்களையும் நிலவுடைமையாளர் தரப்பு வெளியேற்றியது. கூரையில்லாத சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சுற்றிலும் பழுப்புப் புல்வெளி, ஊர் இருந்த இடத்தில் மட்டும் பச்சை. தலைமுறை தலைமுறையாக உரமிட்டு உழுத மண் அது. அந்தச் சுவர்களில் ஏறவோ கல்லைப் பெயர்க்கவோ வேண்டாம். பிறகு அருவிகள் விழும் பாறைச்சுவரின் அடியில் கரையோரமாகவே நடை. சூஷ்னிஷ் ஏறும் இடம் செங்குத்து, வழுக்கல். போரரேக்கை முதலில் வைக்கச் சொல்வது இதனால்தான்: அந்தச் சரிவில் இறங்குவதைவிட ஏறுவது பத்திரம்.

எல்கோலிலிருந்து கமசூனரி போகும் கரைப்பாதையைப் புகைப்படம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கடலுக்கு மேலே சரிவில் ஒரு அடி அகலத் தடம், பக்கத்தில் பிடிக்க எதுவுமில்லை. அதே குடாவுக்குக் கில்மேரியிலிருந்து அகலமான வண்டித்தடம் உண்டு.

தீவின் வடகிழக்கே ஸ்டாஃபினில், அன் கோரன் கரையின் டைனோசர் தடங்கள் கடல் வற்றும்போதுதான் தெரியும். கோடையில் பெரும்பாலும் மணல் மூடியிருக்கும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அன்றைய நேரப்பட்டியலைப் பார்த்து, வற்றத்துக்கு ஒரு மணி முன்னதாகப் போங்கள்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை மிட்ஜ் என்ற பொடிக்கொசு மொய்க்கும். காற்று மணிக்கு 11 கிலோமீட்டரைத் தாண்டினால் அது பறக்காது, ஆகவே காற்றில்லாத மாலையில் முகவலை அவசியம். உண்ணிக்காகக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், இரவில் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள். லைம் என்ற பாக்டீரியா நோய் உண்ணி கடித்துத்தான் பரவுகிறது.

ஜூனில் சுமார் 18 மணி நேரம் வெளிச்சம், டிசம்பரில் 7 மணிக்கும் குறைவு. கைபேசி சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. பிரிட்டன் அரசின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு காகித வரைபடம் பையில் இருக்கட்டும். விபத்தென்றால் 999. கடலோரத்தில் கோஸ்ட்கார்டை (கடலோரக் காவல்) கேளுங்கள், உள்நிலத்தில் போலீஸைக் கேட்டு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். கைபேசி எண்ணை முன்பே பதிந்திருந்தால் அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பேச முடியாத அளவு பலவீனமான சிக்னல் உள்ள இடத்திலும் சிலசமயம் அது போய்ச்சேரும்.