மே விடுமுறையில் சான்சிபார் போகலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நான், கணவர், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன், 67 வயது மாமியார் என நாங்கள் நால்வரும் மே மாதம் ஒரு வாரம் சான்சிபார் போக நினைக்கிறோம். மாமியார் சுத்த சைவம், முழங்கால் வலியும் உண்டு. பையனுக்குக் கடலில் நாள் முழுக்க விளையாட வேண்டும். கிழக்குக் கரையில் ஒரு ரிசார்ட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பதிவு செய்துவிடலாமா?"

இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம். அந்தப் பாதி விலைக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று மாதம், இன்னொன்று கரை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய தீவான சான்சிபாருக்குத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் ஹோட்டலைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் அங்கே பயணம் நன்றாக அமைவதும் அமையாததும் எந்த மாதம் போகிறீர்கள், எந்தக் கரையில் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சாதாரண விடுதியில்கூட சந்தோஷமாக இருக்கலாம்.

முதலில் மாதம். நமக்குக் கோடை விடுமுறை வரும் நேரம்தான் அங்கே பெருமழைக் காலம். மார்ச் மாதக் கடைசியில் பிடிக்கும் மழை மே வரை நீடிக்கும். ஏப்ரல்தான் உச்சம். மே முதல் பாதியிலும் வானம் தெளியும் என்று நம்ப முடியாது. அந்த நேரத்தில் சில விடுதிகள் பராமரிப்புக்காக மூடியே இருக்கும். திறந்திருப்பவை விலையைக் குறைக்கும். தினமும் விடாமல் பெய்யும் என்று சொல்லவில்லை. வெயில் அடிக்கும் நாட்களும் வரும். ஆனால் ஒரே ஒரு வாரத்துக்காகக் கடல் தாண்டிப் போகும் குடும்பம், அதுவும் சின்னப் பையனோடும் பெரியவரோடும், அந்த நம்பிக்கையில் கிளம்பக் கூடாது.

ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். தெற்கிலிருந்து வீசும் குசி காற்று வெப்பத்தைத் தணித்துவிடும். நம்முடைய காலாண்டுத் தேர்வு விடுமுறை, அதாவது செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும், இதற்குள் அழகாகப் பொருந்துகிறது. அதற்குள் குசியின் வேகமும் கொஞ்சம் அடங்கியிருக்கும். நவம்பரில் சிறுமழை வரும். அரையாண்டு விடுமுறையில் போவதென்றால் வானிலை பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் என்பதால் விலை உச்சத்தில் இருக்கும், புழுக்கமும் அதிகம். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது காலாண்டு விடுமுறை.

அடுத்தது கரை. உங்கள் கேள்வியில் நான் அதிகம் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். நம் ஊரில் கடல் சற்று உள்வாங்கினாலே செய்தியாகிவிடும். சான்சிபாரின் கிழக்குக் கரையில் அது அன்றாடம் நடப்பது. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 4 மீட்டர் வரைகூட வேறுபடும். பாஜே, ஜம்பியானி, மட்டெம்வே போன்ற இடங்களில் தரை மிகத் தட்டையானது என்பதால், வற்றும்போது கடல் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிடும். ரிசார்ட் படத்தில் நீங்கள் பார்க்கும் நீலப் பச்சைத் தண்ணீர் நிஜம்தான். ஆனால் அது நாளில் பாதி நேரத்துக்குத்தான் கண்ணெதிரே இருக்கும். மீதி நேரம் வெண்மணல், பாசி, சிறு குட்டைகள், அங்கங்கே கடல் முள்ளெலி. காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் அங்கே நடக்க விடாதீர்கள். அந்த முள் குத்தினால் ஒரு நாள் முழுக்க வீணாகும்.

இதை முன்கூட்டியே கணிக்க வீட்டில் தொங்கும் நாள்காட்டியே போதும். பௌர்ணமி, அமாவாசையும் அதற்கடுத்த ஓரிரு நாட்களும்தான் ஏற்றவற்றம் மிக அதிகம். அப்போது சான்சிபாரில் காலை 10 மணி வாக்கில் கடல் நன்றாக வற்றியிருக்கும், மாலை 4 மணி வாக்கில் நிறையும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமியிலிருந்து தசமி வரையிலான நாட்களில் வேறுபாடு குறைவு, காலையிலேயே நீர் நிறைந்திருக்கும். அஷ்டமி, நவமியில் ஊருக்குக் கிளம்ப மாமியார் தயங்கலாம். கிளம்புவது முன்னதாக இருக்கட்டும், கடற்கரையில் இருக்கும் நாட்கள் அந்தத் திதிகளில் விழுந்தால் பையனுக்குக் கொண்டாட்டம்.

நாள் முழுக்கக் குளிக்க வேண்டும் என்றால் தீவின் வடமுனை சரியான இடம். நுங்வி, கெண்ட்வா இரண்டிலும் கரை சீக்கிரம் ஆழமாகிவிடுவதால் வற்றத்திலும் தண்ணீர் அருகிலேயே இருக்கும். நுங்வியில் கூட்டமும் இரைச்சலும் அதிகம். கெண்ட்வா மேற்குப் பார்த்தது. குசி காற்று நேராகத் தாக்காது, அலை சாது, சூரியன் கடலுக்குள் இறங்குவதையும் பார்க்கலாம். பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பேரன் மேல் ஒரு கண் வைக்க இதைவிட வசதியான இடம் அங்கே இல்லை. ஆழம் சீக்கிரம் வருவதால் நீங்கள் இருவரில் ஒருவர் பையனோடு தண்ணீரிலேயே இருக்க வேண்டும்.

அதற்காகக் கிழக்குக் கரையை ஒதுக்கிவிடாதீர்கள். வற்றம் வரும் நேரம் பார்த்து ஒருநாள் ஜம்பியானிக்குப் போய் வாருங்கள். கடல் விட்டுச்சென்ற தரையில் குச்சி நட்டு, கயிறு கட்டி, பெண்கள் கடற்பாசி வளர்ப்பதைப் பார்க்கலாம். 1980களின் கடைசியில் தொடங்கிய தொழில் இது. தங்கள் கையில் சொந்தமாகக் காசு புழங்க இதுதான் அந்தக் கிராமத்துப் பெண்கள் பலருக்கு வழி செய்தது. கடல் சூடேறுவதால் நல்ல விலை போகும் வகை இப்போது சரியாக வளர்வதில்லை. ராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருந்தால் உங்களுக்கு அந்தக் காட்சி சட்டென்று பிடிபடும். படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஏழு நாளில் கெண்ட்வாவில் நான்கு இரவு, கடைசியில் தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் இரண்டு இரவு தங்குங்கள். விமான நிலையம் ஸ்டோன் டவுனுக்குப் பக்கத்தில் இருப்பதால் திரும்பும் நாளில் பதற்றம் இருக்காது. விமான நிலையத்திலிருந்து கெண்ட்வாவுக்கு ஒன்றரை மணி நேரம்வரை ஆகும். அதற்கு விடுதி மூலமாகவே வண்டி சொல்லி, தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஸ்டோன் டவுன் 2000-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சந்துகள் குறுகல், தரை மேடு பள்ளம். முழங்கால் வலிக்கு வெயில் ஏறும் முன் ஒரு மணி நேர நடையே போதும். சுல்தான் பர்காஷ் 1883-ல் கட்டிய அதிசய மாளிகையின் ஒரு பகுதி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது, அதை வெளியிலிருந்து பாருங்கள். தவற விடக் கூடாதது பழைய அடிமைச் சந்தை இருந்த இடம். 1873-ல் சந்தையை மூடிய பிறகு அங்கே ஆங்கிலிகன் தேவாலயம் எழுந்தது. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு இது கனமான விஷயம்தான், இருந்தாலும் கூட்டிப் போங்கள். மனிதர்களை விற்ற இடத்தில் நிற்கிறோம் என்பதை எளிய சொற்களில் சொன்னால் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புரியும். தலை குனிந்து இறங்க வேண்டிய நிலவறைகளுக்கு மட்டும் மாமியார் வர வேண்டாம்.

மாமியாருக்கு ஏற்ற இடம் ஜோசானி காடு. உலகில் இந்தத் தீவுக்கூட்டத்தில் மட்டுமே வாழும் சிவப்புக் கொலபஸ் குரங்குகள் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இலை தின்றுகொண்டிருக்கும். கை நீட்டாமல் தள்ளி நின்று பாருங்கள். அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை இருக்கிறது. சிறைத் தீவில் உள்ள ராட்சத ஆமைகளைப் பையன் விரும்புவான். ஆனால் படகிலிருந்து முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்க வேண்டி வரலாம் என்பதால் அப்பாவும் மகனும் மட்டும் போய் வரட்டும். கிசிம்காசியில் டால்ஃபின் காட்டுகிறோம் என்று கூப்பிடுவார்கள். நிறையப் படகுகள் அவற்றைச் சூழ்ந்து துரத்துவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். மீன்களைப் பார்க்க வேண்டுமென்றால் ம்னெம்பா பவளத்திட்டுக்கு அதிகாலையில் போங்கள், பையனின் அளவுக்கான மிதவைச் சட்டை இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுவிட்டு.

சைவச் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். தேங்காய்ப்பால் சோறு, தேங்காய்ப்பாலில் வெந்த பீன்ஸ், சப்பாத்தி எல்லாம் அந்த ஊர்ச் சாப்பாடே. குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் என்பதால் ஸ்டோன் டவுனில் இந்திய உணவும் எளிது. கடற்கரை விடுதிகளில்தான் மீனும் இறாலும் ஆதிக்கம். முன்பே எழுதிச் சொல்லிவிடுங்கள். அந்த ஊர் சுவாஹிலி மொழியில் 'சிலி ஞாமா, சிலி சமாக்கி' (கறியும் மீனும் சாப்பிட மாட்டேன்) என்று மாமியாரே சொன்னால் சமையல்காரர்கள் சிரித்துக்கொண்டே வேறு செய்து தருவார்கள். குடிப்பதற்குப் பாட்டில் தண்ணீர் மட்டும். மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். கடற்கரையை விட்டு ஊருக்குள் வரும்போது தோளும் முழங்காலும் மூடிய உடை மரியாதை. சுடிதாரும் சேலையும் அங்கே கச்சிதம்.

இனி ஆவணங்கள். சான்சிபார் டான்சானியாவின் பகுதி. இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சாதாரணச் சுற்றுலா விசா 50 டாலர். டான்சானியக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே போலத் தோற்றமளித்துக் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் பல. 2024 அக்டோபர் 1 முதல் சான்சிபார் அரசுக் காப்பீடு கட்டாயம், வயதுவந்தவர்களுக்கு 44 டாலர். உங்களிடம் வேறு காப்பீடு இருந்தாலும் இதையும் எடுத்தாக வேண்டும். ஆனால் மாமியாருக்கு இது மட்டும் போதாது. தீவில் மருத்துவ வசதி குறைவு, நிலைமை மோசமானால் தார் எஸ் சலாமுக்கோ நைரோபிக்கோ விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவையும் பழைய நோய்களையும் சேர்க்கும் பயணக் காப்பீட்டை இங்கேயே எடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விஷயத்தில் விமானப் பாதை முக்கியம். அடிஸ் அபாபா, நைரோபி வழிப் பயணச்சீட்டுகள் சில சமயம் மலிவு. ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் அபாய நாடுகள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தாலோ சான்சிபாரில் ஊசி போட்ட சான்றிதழ் கேட்பார்கள். அது இல்லாமல் இந்தியா திரும்புகிறவர்களை 6 நாள்வரை தனிமைப்படுத்தவும் விதி இருக்கிறது. 60 வயதுக்கு மேல் இந்த ஊசிக்குப் பக்கவிளைவு அபாயம் கூடும் என்பதால் மாமியாருக்காகவாவது தோஹா, துபாய், மஸ்கட் வழியாகப் போங்கள். ஊசி தேவைப்படுமா என்பதைச் சீட்டு எடுக்கும் முன் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் கேட்டுவிடுங்கள். போட்டுக்கொண்டால் 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். மலேரியா அங்கே குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மாத்திரை வேண்டுமா என்று குடும்ப மருத்துவரைக் கேளுங்கள்.

டாலர் நோட்டுகள் புதியதாக, கசங்காமல் இருக்கட்டும், பழைய ஆண்டு அச்சிட்டவற்றை வாங்க மறுப்பார்கள். ஸ்டோன் டவுனிலேயே கொஞ்சம் டான்சானிய ஷில்லிங் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், கிராமங்களில் ஏடிஎம் அரிது.

இன்னொன்று, மாமியார் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு வருவார் அல்லவா? 2019 ஜூன் முதல் டான்சானியாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்குத் தடை, வரும் பயணிகளுக்கும் அது பொருந்தும். எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, துணிப்பையில் வைத்துப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.