ஸ்டென்சில் ஓரம் ஏன் பிசிறடிக்கிறது?

வணக்கம்.

எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வெட்டிய இதயம், நட்சத்திர வடிவங்களுக்கு அக்ரிலிக் வண்ணம் பூசி, மேலே ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய மெல்லிய தகடு) வைத்துப் பூ போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் வண்ணம் அடியில் கசிந்து ஓரம் பிசிறடிக்கிறது. மாஸ்கிங் டேப்பை எடுத்தால் அடிவண்ணமும் உரிந்து வருகிறது. பலகையின் வெட்டு ஓரம் மூன்று கோட் அடித்தும் சொரசொரவென்று மங்கலாகவே இருக்கிறது. இரண்டு கம்பெனி பெயின்ட் மாற்றிப் பார்த்துவிட்டேன். இன்னும் விலை கூடியதை வாங்க வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வாங்க வேண்டாம். பெயின்ட் மேல் பழி போடுவது எளிது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றுக்கும் காரணம் வேறு.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் பிரஷில் அளவுக்கு மீறி வண்ணம் இருப்பதுதான். முடி குட்டையாக, முனை தட்டையாக உள்ள ஸ்டென்சில் பிரஷின் நுனியில் மட்டும் வண்ணம் தொட்டு, டிஷ்யூ தாளில் நன்றாகத் தேய்த்து எடுங்கள். 'இதில் வண்ணமே இல்லையே' என்று தோன்றினால் அதுதான் சரியான அளவு. தண்ணீர் கலக்கவே கூடாது. கழுவிய ஈரத்தோடு அதே பிரஷைத் தொட்டாலும் கசியும் என்பதால் கையில் இரண்டு பிரஷ் வேண்டும். பிரஷை நேராகப் பிடித்து ஒற்றுங்கள். இழுத்தால் முடி ஓரத்துக்கு அடியில் நுழைந்துவிடும். முதல் கோட் வெளிறித்தான் தெரியும். அது காய்ந்ததும் இன்னும் ஒன்றிரண்டு கோட் ஒற்றினால் நிறம் ஏறிவிடும்.

ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் வர ஒரு வழி உண்டு. ஸ்டென்சிலை ஒட்டியதும் முதலில் அடிவண்ணத்தையே மெல்லிதாக ஒற்றிக் காயவிடுங்கள். கசிந்தாலும் அதே நிறம், கண்ணுக்குத் தெரியாது, இடுக்கும் அடைபட்டுவிடும். பிறகு பூவின் நிறம். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே ஸ்டென்சிலை நேர் மேலாகத் தூக்குங்கள். சிறிய வடிவமென்றால் ஸ்டென்சில் பலகையைத் தாண்டித் தொங்கும், அதனால் ஓரம் எழும்பும். அதே தடிமனுள்ள துண்டுகளைச் சுற்றிலும் வைத்து முட்டுக் கொடுங்கள்.

டேப்பில் அடிவண்ணம் உரிவது அவசரத்தின் விளைவு. அக்ரிலிக் அரை மணியில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும்; உள்ளே இறுக நாட்கள் ஆகும். ஒரு இரவாவது விடுங்கள். டேப்பை ஒட்டுமுன் துணியில் ஒருமுறை அழுத்தி எடுத்தால் பசை குறையும். பிரைமர் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடிக்குமுன் பலகைத் தூசியைத் துடைக்காவிட்டாலும் இதே உரிதல்தான்.

வெட்டு ஓரத்தின் கதை தனி. எம்.டி.எஃப்-இன் மேற்பரப்பு இறுகியது, நடுப்பகுதி தளர்வானது. வெட்டிய இடத்தில் நார் வண்ணத்தை உறிஞ்சி, ஈரத்தில் உப்பி நிற்கும். எத்தனை கோட் அடித்தாலும் குடித்துக்கொண்டே இருக்கும். வெள்ளை மரப்பசையும் தண்ணீரும் சமஅளவு கலந்து ஓரத்தில் மட்டும் பூசி, காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, இன்னொரு தடவை செய்யுங்கள். அப்புறம் பிரைமர். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் மிக நுண்ணியது. லேசரில் வெட்டியதென்றால் கரியை முதலில் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

சோதித்துப் பார்க்கத் தாளை எடுக்காதீர்கள். தாள் உறிஞ்சிக்கொள்வதால் அங்கே சரியாக வந்தது பலகையில் கசியும். அதே பலகையின் பின்புறத்தில், அதே பிரைமரும் அடிவண்ணமும் பூசிப் பாருங்கள். (3 மி.மீ. பலகை ஒருபக்கம் மட்டும் பூசினால் வளையும். பின்புறம் பூசுவது அதற்கும் ஆகும்.) ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, என்ன மாற்றினீர்கள் என்று பக்கத்திலேயே பென்சிலால் குறித்துவையுங்கள். பெயின்ட், பிரஷ், டேப் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

ஏற்கெனவே கசிந்தவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். இனிக் கசிந்தால், ஈரமாக இருக்கும்போதே லேசாக நனைத்த காதுக்குச்சியால் துடைத்துவிடலாம். காய்ந்துவிட்டதை மெல்லிய பிரஷால் அடிவண்ணம் தொட்டு மூடுங்கள். அதற்காக அடிவண்ணத்தில் கொஞ்சம், கலந்து செய்த நிறமென்றால் கட்டாயம், மூடியுள்ள டப்பாவில் எடுத்துவையுங்கள். வார்னிஷ் அதற்குப் பிறகு, ஒரு நாள் கழித்து.